நகர்ந்த ஹப்: தென்னை மட்டை அரவை இயந்திரம் ஒன்றில் கப்ளிங் கழன்ற நிகழ்வின் ஆய்வு

பொள்ளாச்சிப் பகுதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், ஊர் வெல்டரின் துணையோடு தாமே ஒரு மட்டை அரவை இயந்திரத்தைச் செய்து வைத்திருந்தார். ஒரு மாலை வேலை முடிந்து எஞ்சினைச் சற்று நேரம் சும்மா ஓடவிட்டிருந்தபோது, எஞ்சினையும் டிரம்மையும் இணைக்கும் கப்ளிங்கில், டிரம் பக்கத்து ஹப் (ஷாஃப்ட் எனும் சுழல்தண்டின்மேல் ஏறி உட்காரும் குடம்) ஷாஃப்டின்மேல் பின்னோக்கி விலகியது. ஹப்பும் ஷாஃப்டும் சேர்ந்தே சுழல நடுவே செருகியிருந்த கீ என்ற இரும்புக்கட்டை கழன்று தெறித்தது. இரு ஹப்களின் பற்களும் நுனியோடு நுனி மோதி உடைந்தன. வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று பக்கத்திலிருந்த டீசல் கேனைத் துளைத்துச் சென்றது. மட்டை எடுத்துப் போடும் தொழிலாளி அப்போது குவியலின் மறுபக்கம் நின்றதால் யாருக்கும் காயமில்லை. கப்ளிங்கின்மேல் மூடி எதுவும் இருக்கவில்லை.

இயந்திரத்தைப் பிரித்து அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, திரும்பக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் பட்டறைக்கு வந்தது. கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், மரம் அறுக்கும் வாள் எனப் பழைய டீசல் எஞ்சினைக் கொண்டு தோப்பிலும் வீட்டிலும் கட்டப்படும் எத்தனையோ இயந்திரங்களில் இதே வகை இணைப்பு இருப்பதால், இங்கே கண்டவற்றை விரிவாகவே எழுதுகிறேன். கப்ளிங் தளர்ந்தால், ஹப்பின் வழியே ஷாஃப்டில் அழுந்தும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவை இறுக்குவதே முதலும் கடைசியுமான வைத்தியமாக எங்கும் இருந்துவருகிறது. இந்த இயந்திரத்திலும் ஸ்க்ரூ பலமுறை இறுக்கப்பட்டிருந்தது என்பதற்கு ஷாஃப்டிலேயே தடயம் இருந்தது.

இயந்திரத்தின் அமைப்பு

எஞ்சின் நீரால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல். 8 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1500 சுற்று. முன்பு கிணற்றில் பம்பு ஓட்டியது. மின் இணைப்பு வந்தபின் கொட்டகையில் கிடந்தது. அதன் ஃபிளைவீல் முகத்தில் ஒரு ஃபிளேஞ்சை (இணைப்புத் தட்டை) நான்கு எம்10 (10 மில்லிமீட்டர்) போல்ட்டுகளால் பிடித்து, அந்த ஃபிளேஞ்சில் ஒரு ஹப்பைப் பொருத்தி, எதிரே டிரம் ஷாஃப்டில் மற்றொரு ஹப்பை ஏற்றி, இரண்டின் பற்களுக்கும் நடுவே நட்சத்திர வடிவ ரப்பரை வைத்திருந்தார்கள். லவ்ஜாய் என்று கடைகளில் பொதுப்பெயராகக் கேட்டு வாங்கும் பல் கப்ளிங் இது. இங்கே போட்டிருந்தது 100 அளவு.

டிரம் ஷாஃப்ட் 35 மில்லிமீட்டர் பிரைட் பார் எனும் வழவழப்பான இரும்புக் கம்பி. இரண்டு யூசிபி 207 பிளம்மர் பிளாக்குகளில் (பேரிங் தாங்கிகளில்) அது உட்கார்ந்திருந்தது. டிரம் சுமார் 40 கிலோ எடையும் 400 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. ஃபிரேம் முழுவதும் சேனலும் ஆங்கிளும் வெல்டிங் செய்து, இழுத்துச் செல்ல வசதியாக இரண்டு டயர்களின்மேல் ஏற்றப்பட்டிருந்தது. ஹப்பின் பின்முகத்துக்கும் பேரிங்குக்கும் இடையே 40 மில்லிமீட்டர் வெறும் ஷாஃப்ட் இருந்தது. கழற்றி மாட்ட வசதி என்று விட்ட அந்த இடைவெளிக்குள்தான் ஹப் பின்வாங்கிச் சென்றிருந்தது.

பிரித்துப் பார்த்தபோது கண்டவை

முதலில் கண்ணில் பட்டது ஹப்பின் வாயைச் சுற்றிப் படிந்திருந்த செம்பழுப்புப் பொடி. மழையில் நனைந்த துரு என்றே உரிமையாளர் நினைத்திருந்தார். மழைத்துரு பரப்பு முழுவதும் பரவி ஒட்டிக்கொள்ளும். இதுவோ ஹப்புக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள இடுக்கிலிருந்து மட்டும் கசிந்து வந்திருந்தது, விரலால் தொட்டால் மாவுபோல் ஒட்டியது. இரண்டு இரும்புப் பரப்புகள் அழுத்தத்தோடு மிகச் சிறிய அளவில் முன்னும் பின்னும் உரசும்போது உதிரும் துகள் காற்றுபட்டு ஆக்சைடாகி இப்படி வெளிவரும். இறுக்கமாக இருக்கவேண்டிய இணைப்பில் இந்தப் பொடியைக் கண்டால் உள்ளே அசைவு இருக்கிறது என்று பொருள். கிரீஸ் பட்ட இடத்தில் இதுவே கரிய பசையாகத் தெரியும்.

அளவெடுத்ததில் ஷாஃப்ட் 34.92 மில்லிமீட்டர் இருந்தது; பிரைட் பார் அப்படித்தான் வரும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹப்பின் துளையோ உள்பக்கம் 35.09, வாய்ப்பக்கம் 35.20. வாய் விரிந்திருப்பது ஹப் சுழன்றபடியே தலையாட்டியதைக் காட்டுகிறது. கீயின் ஒரு பக்கவாட்டில் பளபளப்பாகத் தேய்ந்த படி ஒன்று விழுந்திருந்தது. எதிர்ப்பக்கத்திலும் அதேபோல் மற்றொரு படி. ஒரே திசையில் சுமை தள்ளியிருந்தால் ஒரு பக்கம்தான் தேய வேண்டும். கீயும் கீவேயும் (கீ உட்காரும் குழியும்) சேர்ந்து 0.4 மில்லிமீட்டர் ஆட்டம் கொடுத்தன. 17.5 மில்லிமீட்டர் ஆரத்தில் அது ஏறத்தாழ 1.3 டிகிரி ஆட்டம்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று ஷாஃப்டின் முதுகில் இருந்தது. கிரப் ஸ்க்ரூவின் கிண்ண நுனி இரும்பில் அழுந்தும்போது சிறிய வளையம்போல் ஒரு தடம் பதியும். இங்கே அத்தகைய வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி, பேரிங்கை நோக்கிய வரிசையில், மொத்தம் 14 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பதிந்திருந்தன. ஒவ்வொரு வளையமும் ஒருமுறை இறுக்கியதன் பதிவு. ஹப் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. கொஞ்சம் நகர்வதும், சத்தம் கேட்டு ஸ்க்ரூவை இறுக்குவதும், நகர்ந்த இடத்திலேயே அது மறுபடி பிடித்துக்கொள்வதுமாகப் பின்வாங்கியிருக்கிறது. இறுக்கியவர் யாரும் ஹப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு இறுக்கவில்லை, ஏனெனில் பழைய இடம் எது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

ஷாஃப்டின் கீவே நுனிவரை திறந்தபடி வெட்டப்பட்டிருந்தது. ஹப் பின்வாங்கியபின் கீயைத் தடுக்க முன்னால் ஒன்றுமில்லை. எஞ்சின் பக்க ஃபிளேஞ்சில் நான்கு போல்ட்டுகளில் இரண்டு கையாலேயே சுழன்றன. நான்கின் கீழும் ஸ்பிரிங் வாஷர் இருந்தது. ஃபிளைவீலுக்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே பச்சை பெயின்ட் கனமாக இருந்தது.

உரிமையாளர் சொன்ன ஒரு தகவல் ஆய்வுக்கு மிகவும் உதவியது. “சும்மா ஓடறப்பதானுங்க கடகடன்னு சத்தம் வரும். மட்டை உள்ள போயிட்டா அமைதியாயிருமுங்க” என்றார். சுமையில் அமைதியாக ஓடுவதால் இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. அந்தக் கடகடப்புக்கு விளக்கம் கிடைத்தால் மற்ற தடயங்களும் தாமாகவே வரிசைப்படும்.

சும்மா ஓடும்போது ஏன் சத்தம்

8 குதிரைத்திறன் என்பது 5.9 கிலோவாட். 1500 சுற்றில் அது தரும் சராசரி முறுக்குவிசை சுமார் 37.6 நியூட்டன் மீட்டர். 35 மில்லிமீட்டர் ஷாஃப்டின் விளிம்பில் இது ஏறத்தாழ 220 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். 50 மில்லிமீட்டர் நீளமுள்ள 10×8 கீயின் பக்கவாட்டில் இந்த விசையைப் பரப்பினால் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன்தான் வருகிறது. விசை ஒரு கணம் ஆறு மடங்கு உயர்ந்தாலும் சாதாரண எம்.எஸ். இரும்பு அதைத் தாங்கும். ஆகவே ‘கீ மெலிசு, பெரிய கீ போடவேண்டும்’ என்ற முதல் ஊகம் இங்கே பொருந்தவில்லை. கீ தாங்கமுடியாமல் போனது திரும்பத் திரும்ப விழுந்த அடியை.

நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தள்ளுகிறது; மற்ற மூன்று ஸ்ட்ரோக்கிலும், முக்கியமாகக் காற்றை அமுக்கும் ஸ்ட்ரோக்கில், அது ஃபிளைவீலிடமிருந்து கடன் வாங்குகிறது. எனவே 1500 சுற்று என்று மீட்டர் காட்டினாலும் ஒவ்வொரு சுழற்சிக்குள்ளும் வேகம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. வினாடிக்கு 12.5 முறை இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் 45,000 முறை. கப்ளிங்குக்கு அப்பால் இலேசான பொருள் இருந்தால் இது பெரிதாகப் பாதிக்காது. ஆனால் 40 கிலோ டிரம் தானே ஒரு ஃபிளைவீல். எஞ்சின் வேகம் குறையும் கணத்தில் டிரம் தன் வேகத்திலேயே போக முயன்று எஞ்சினைத் தள்ளுகிறது. எஞ்சின் வெடித்து வேகமெடுக்கும் கணத்தில் டிரம் பின்தங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். டிரம்மின் சுழல் நிலைமம் சுமார் 0.8 கிலோகிராம் சதுர மீட்டர். எஞ்சின் வேகம் சராசரிக்கு மேலும் கீழுமாக நூற்றுக்கு அரைப் பங்கு மட்டும் ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த ஆட்டத்தோடு டிரம்மையும் கூடவே ஆட்டக் கப்ளிங் வழியே 49 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இருபுறமும் மாறிமாறி முறுக்குவிசை செல்லவேண்டும். முழுச் சுமையின் சராசரி முறுக்குவிசையையே இது மிஞ்சுகிறது. நடுவில் ரப்பர் இருப்பதால் நிஜ எண் இதிலிருந்து மாறும். ஆனால் விசை திசை மாறுகிறது என்ற உண்மை மாறாது.

சுமை இருக்கும்போது மட்டையின் எதிர்ப்பு டிரம்மை எப்போதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் கீ பெரும்பாலும் கீவேயின் ஒரே சுவரில் சாய்ந்து நிற்கும், சத்தம் அடங்கிவிடும். சுமை இல்லாதபோது அந்தச் சாய்வு போய்விட, கீ ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தாவித் தாவி அடிக்கிறது. கீயின் இரு பக்கமும் தேய்ந்ததற்கும், ஹப் இறுதியாகக் கழன்றது வேலை நேரத்தில் அல்லாமல் சும்மா ஓடியபோது என்பதற்கும் இதுவே காரணம். மின்மோட்டாரில் பல ஆண்டு ஓடும் அதே கப்ளிங் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் தளர்ந்துவிடுவதும் இதனால்தான். மோட்டார் ஒரே சீராகத் தள்ளுகிறது, எஞ்சின் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது.

எஞ்சினை நிறுத்தும்போது இன்னொரு தொல்லை உண்டு. ரப்பரும் டிரம்மும் சேர்ந்து தமக்கென்று ஓர் இயற்கை அதிர்வு எண் கொண்டவை. வேகம் இறங்கும் வழியில் வெடிப்பின் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகும் இடத்தைக் கடக்கும்போது மொத்த இயந்திரமும் ஒரு உலுக்கு உலுக்கும். அந்தச் சில வினாடிகளில் கப்ளிங் படும் பாடு ஒரு மணி நேர வேலையில் படுவதைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

நகர்ந்தது எப்படி

அடி மட்டும் ஹப்பை நீளவாட்டில் நகர்த்திவிடாது. அதற்குத் தலையாட்டமும் வேண்டும். எஞ்சின் மையத்துக்கும் டிரம் மையத்துக்கும் 1.2 மில்லிமீட்டர் விலகல் இருந்தது. இந்த வகைக் கப்ளிங் ஏற்கும் விலகல் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். மிச்சத்தை ரப்பர் நசுங்கி ஈடுகட்டவேண்டும். அந்த நசுங்கல் ஒவ்வொரு சுற்றிலும் ஹப்பை ஒரு பக்கம் தள்ளுகிறது. துளை சரியாக இறுகியிருந்தால் ஹப் அசையாமல் தாங்கிக்கொள்ளும். 0.17 முதல் 0.28 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும் துளையில் அது வினாடிக்கு 25 முறை தலையாட்டுகிறது.

திருகாணி ஏன் தளர்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை மூலம் காட்டினார். இறுக்கிய பரப்புகள் குறுக்குவாட்டில் வழுக்கத் தொடங்கினால், திருகுப்புரிகளைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு அந்தக் கணத்தில் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. திருகுப்புரியின் சரிவே ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சுழற்றிவிடுகிறது. எனவே எவ்வளவு இறுக்கினோம் என்று பார்ப்பதோடு நில்லாமல், இறுக்கிய பரப்பு வழுக்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். இங்கே ஹப் தலையாட்டிக்கொண்டே இருந்தது. கிரப் ஸ்க்ரூவின் நுனி ஷாஃப்டின்மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. எந்தக் கை எவ்வளவு பலமாக ஆலன் கீயைத் திருகியிருந்தாலும் முடிவு இதுதான்.

இடைவெளி உள்ள துளையில் கிரப் ஸ்க்ரூவை இறுக்குவதால் மற்றொரு கேடும் விளைகிறது. ஸ்க்ரூ தள்ளுவதால் ஹப் முழுவதும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, மையம் இடைவெளியில் பாதியளவு விலகிவிடுகிறது. விலகலைக் குறைக்கவேண்டிய இடத்தில் புதிய விலகல் ஒன்று சேர்கிறது.

ஃபிளேஞ்ச் போல்ட்டுகளின் கதை வேறு. 8.8 தர எம்10 போல்ட்டை முறையாக இறுக்கினால் அது சுமார் 26,000 நியூட்டன் விசையோடு பரப்புகளை நெருக்கும். நான்கு போல்ட்டுகளின் நெருக்கத்தில் எழும் உராய்வு மட்டுமே, 50 மில்லிமீட்டர் ஆரத்தில், எழுநூற்றுக்கு மேற்பட்ட நியூட்டன் மீட்டரைத் தாங்கும். சராசரி முறுக்குவிசையைப்போல் அது ஏறக்குறைய இருபது மடங்கு. ஆனால் நெருக்கம் இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். நடுவிலிருந்த பெயின்ட் சூட்டிலும் அதிர்விலும் நசுங்கி மெலிய மெலிய, போல்ட்டின் இழுவிசையும் அதோடு போய்விட்டது. குட்டையான போல்ட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும்; நீண்ட போல்ட் நீட்சி கூடுதலாகக் கொள்வதால் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் நசுங்கலைப் பொறுத்துக்கொள்ளும், குட்டை போல்ட் பொறுக்காது. ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. போல்ட் முழுதாக இறுகும்போது அது தட்டையாகிச் சாதாரண வாஷராகிவிடுகிறது. நாசா 1990-இல் வெளியிட்ட இணைப்புக்கூறு வடிவமைப்புக் கையேடும் பூட்டும் வேலைக்கு அது பயனற்றது என்றே சொல்கிறது. அது இருக்கிறது என்ற நம்பிக்கையில் போல்ட்டை யாரும் சோதிக்காமல் விட்டதுதான் இங்கே நிகழ்ந்த தீங்கு.

முன்பு செய்யப்பட்ட கைவைத்தியங்கள்

கீவேக்குள் ஹாக்ஸா பிளேடின் துண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. ஷாஃப்டில் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்துச் சதையை எழுப்பி, துளையை இறுக்கமாக்கவும் முயன்றிருந்தார்கள். அன்றைய வேலை நடக்கட்டும் என்று செய்த இவற்றை நான் பழிக்கமாட்டேன். அறுவடைக் காலத்தில் லேத் பட்டறை வாசலில் காத்துக்கிடக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆனால் பஞ்ச் புள்ளிகளில் மொத்தச் சுமையும் சில ஊசிமுனைகளின்மேல் விழுகிறது. அவை ஓரிரு நாளில் மழுங்கி, முன்னைவிட அதிக ஆட்டத்தைக் கொடுக்கும்.

ஹப்பையும் ஷாஃப்டையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாமா என்ற யோசனையும் எழுந்தது. இதை மட்டும் உறுதியாகத் தடுக்கவேண்டும். ஷாஃப்டுக்கு வழக்கமாகப் போடும் இஎன் 8 எஃகில் கார்பன் சுமார் 0.4 சதவீதம். முன்சூடு இல்லாமல் அதன்மேல் வெல்டிங் வைத்தால் ஓரத்தில் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள ஒரு வளையம் உருவாகும். மாறிமாறி முறுக்கப்படும் ஷாஃப்டில் விரிசல் அங்கேதான் தொடங்கும். அப்போது கழன்று விழுவது ஹப் மட்டுமாக இருக்காது, பேரிங்குக்கு வெளியே இருக்கும் முழுத் துண்டும்தான். அதோடு ஹப் வார்ப்பிரும்பு என்றால் வெல்டிங் அதில் ஒட்டியதுபோல் தெரிந்து பிறகு தோலோடு பெயர்ந்துவரும்.

சரிசெய்த முறை

வரிசை முக்கியம் என்று முதலிலேயே முடிவெடுத்தோம். முதலில் துளையும் கீயும் அசைவற்றுப் பொருந்தவேண்டும், அடுத்து ஹப் நகர இடமே இருக்கக்கூடாது, பிறகு மையம், கடைசியில்தான் ஸ்க்ரூவும் பசையும்.

டிரம் ஷாஃப்டைப் புதிதாகக் கடைந்தோம். ஹப் உட்காரும் பகுதி 35.002-க்கும் 35.018-க்கும் இடையிலும், ஹப் துளை 35.000-க்கும் 35.025-க்கும் இடையிலும் வரவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எச்7/கே6 என்று அளவுப் பட்டியலில் இருக்கும் பொருத்தம் இது. கையால் தள்ளினால் ஏறாது. ஹப்பை 100 டிகிரி அளவுக்குச் சூடான எண்ணெயில் போட்டெடுத்தால் துளை ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் விரிந்து இலகுவாக ஏறிவிடும், ஆறியதும் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்து ஏற்றவேண்டிய தேவை எழவில்லை. அடித்து ஏற்றினால் அந்த அடி பேரிங்கின் குண்டுகளில் போய் விழும்.

கீவேயைத் திறந்தபடி வெட்டாமல், எண்ட் மில்லால் இருபுறமும் மூடிய குழியாக எடுத்தோம். 10 அகலத்துக்கு ஷாஃப்டில் ஆழம் 5 மில்லிமீட்டர், ஹப்பில் 3.3. கீயைக் கடையில் வாங்கிய கம்பியிலிருந்து அறுத்து, பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்து, மரச்சுத்தியால் தட்டி உட்காரும் அளவுக்கு இணக்கினோம். கீ பக்கவாட்டில் பிடிக்கவேண்டும், தலைக்குமேல் சிறிது இடம் இருக்கவேண்டும். பல பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. மேலே முட்டி பக்கத்தில் ஆடும் கீ இறுக்கமாக இருப்பதுபோல் ஏமாற்றும், துளையையும் ஒரு பக்கம் தூக்கிவிடும்.

பேரிங்குக்கும் ஹப்புக்கும் நடுவிலிருந்த 40 மில்லிமீட்டர் இடைவெளியை அதே நீளமுள்ள ஒரு குழாய்த் துண்டால் அடைத்தோம். இரு முகங்களையும் லேத்தில் நேராக்கிய அந்தக் குழாய் பேரிங்கின் உள்வளையத்தில் முட்டி நிற்கிறது. இனி எல்லா ஸ்க்ரூவும் ஒரே நாளில் கழன்றாலும் ஹப் பின்வாங்க முடியாது. முன்னால் வர எதிர் ஹப் விடாது. இந்த ஆய்வில் கண்ட எல்லாத் தீர்வுகளிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பாதுகாப்பைக் கொடுத்தது இந்தக் குழாய்த் துண்டுதான் என்று கருதுகிறேன். புதிய ஷாஃப்ட் கடைய வழியில்லாத இடத்திலும் இதை மட்டுமாவது செய்துவிடலாம்.

கப்ளிங் அளவையும் மாற்றினோம். 100 அளவு, சாதாரண ரப்பரோடு, 47 நியூட்டன் மீட்டர் தாங்கும். 37.6-க்கு அது போதும் என்று முன்பு எடுத்திருக்கிறார்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்குச் சராசரியை இரண்டால் பெருக்கியாவது பார்க்கவேண்டும். அப்போது 75 வருகிறது. 110 அளவு ஏறத்தாழ 90 தாங்கும், அதைப் போட்டோம். கடைக்காரர் மஞ்சள் நிறப் பாலியூரித்தேன் நட்சத்திரத்தைக் காட்டி, அது அதிக முறுக்குவிசை தாங்கும் என்றார். தாங்கும், ஆனால் அது கடினமானது, அதிர்வை விழுங்காமல் கடத்திவிடும். எஞ்சின் இணைப்புக்குக் கறுப்பு ரப்பரையே பெரிய அளவில் எடுப்பது நல்லது.

எஞ்சின் பக்கத்தில் ஃபிளேஞ்ச், ஃபிளைவீல் இரண்டின் முகத்திலும் பெயின்டை முழுக்கச் சுரண்டி, வெறும் இரும்போடு வெறும் இரும்பு சேரும்படி செய்தோம். போல்ட்டுகளைச் சற்று நீளமானதாக மாற்றி, அடியில் தடித்த வளையம் கொடுத்து நீளத்தைப் பயன்படுத்திக்கொண்டோம். இறுக்கம் சுமார் 47 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். போல்ட் தலைகளில் துளையிட்டு இரண்டிரண்டாகக் கம்பி முறுக்கிக் கட்டினோம். தளரும் திசையில் ஒரு போல்ட் திரும்ப முயன்றால் மற்றதை இறுக்கும் பக்கம் இழுக்கும்படி அந்தக் கம்பி போகவேண்டும். எதிர்த்திசையில் கட்டினால் அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும்.

கிரப் ஸ்க்ரூக்கள் கடைசியாக வந்தன. ஒன்று கீயின்மேல், மற்றது அதிலிருந்து 90 டிகிரியில். இரண்டும் ஹப் பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்கும்படி. திருகுப்புரியை பெட்ரோலால் எண்ணெய் போகக் கழுவி, லாக்டைட் 243 போன்ற நடுத்தரப் பிடிப்புள்ள நூல்பூட்டுப் பசை இட்டோம். காற்றுப் படாமல் இரும்பைத் தொட்டிருக்கும்போதுதான் இந்தப் பசை இறுகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிப்பு குறையும். தேய்ந்த ஷாஃப்டை மாற்ற முடியாதவர்களுக்குத் துளைக்குள் இடும் 638 போன்ற உருளைப் பிடிப்புப் பசை கால் மில்லிமீட்டர் இடைவெளிவரை உதவும், ஆனால் நேராக உட்கார்ந்த ஹப்புக்கு மட்டும். கழற்றவேண்டி வந்தால் 250 டிகிரிவரை சூடாக்கிச் சூட்டோடே இழுக்கவேண்டும்.

மையம் சேர்க்கும் வேலையைப் பட்டறையில் செய்யாமல், இயந்திரம் நின்று வேலை செய்யும் தோப்புத் தரையிலேயே செய்தோம். டயர்மேல் நிற்கும் சேனல் ஃபிரேம் தரைக்கேற்ப முறுக்கிக்கொள்ளும். சமதளத்தில் சரியாக இருந்தது மேட்டில் ஏற்றினால் விலகிவிடும். நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்து டயரிலிருந்து பாரத்தை எடுத்தபின், எஞ்சின் காலடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து, டயல் கேஜில் விலகலை 0.2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தோம். எஞ்சின் காலடி போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருந்ததால், இனி நகராதிருக்க ஒவ்வொரு காலின் பக்கத்திலும் ஒரு இரும்புத் துண்டை ஃபிரேமில் வெல்டிங் வைத்து அண்டக் கொடுத்தோம்.

மூடி

2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, சுழலும் ஷாஃப்டில் உள்ள ஒவ்வொரு செட் ஸ்க்ரூவும் போல்ட்டும் கீயும் அமிழ்ந்தோ மூடப்பட்டோ இருக்கவேண்டும் என்றது. தோப்பில் ஓடும் ஒரு கைவினை இயந்திரத்தை அத்தகைய சட்டத்தின்கீழ் யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. ஆனால் வேட்டியும் சேலையும் கழுத்துத் துண்டுமாக ஆட்கள் நெருங்கி நிற்கும் இடம் தொழிற்சாலையைவிடத் தோப்புதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் தலை ஒன்று நிமிடத்துக்கு 1500 சுற்றில் துணியைப் பற்றினால், எஞ்சினை நிறுத்தக் கை போகும் முன் எல்லாம் முடிந்துவிடும். 3 மில்லிமீட்டர் தகட்டில் அரைவட்ட மூடி செய்து, இரண்டு போல்ட்டில் ஃபிரேமோடு பிடித்து, உள்ளே பார்க்க ஒரு பக்கத்தில் வலைக்கம்பி வைத்தோம். தெறிக்கும் வார்ப்பிரும்பைத் தடுக்க மெல்லிய தகரம் போதாது; துளைபட்ட டீசல் கேனே அதற்குச் சாட்சி.

இப்போதைய நிலை

ஹப், குழாய், ஷாஃப்ட் மூன்றின்மேலும் குறுக்காக ஒரே வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்து விட்டிருக்கிறோம். கோடு முறிந்தால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது என்று படிக்காதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை மறுபடி சோதித்தபோது ஒன்று மட்டும் சிறிது இறுக இடம் கொடுத்தது. அதன்பிறகுதான் கம்பி கட்டினோம். சும்மா ஓடும்போது வந்த கடகடப்பு போய்விட்டது. நிறுத்தும்போது வரும் உலுக்கல் குறைந்திருக்கிறது, போகவில்லை. 40 கிலோ டிரம்மை ஒற்றை சிலிண்டரோடு நேரே பிணைத்திருக்கும்வரை அது போகாது. வேலை முடிந்ததும் எஞ்சினைத் தேவையின்றிச் சும்மா ஓடவிடாமல் உடனே நிறுத்தும்படி உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம்.

இந்த இயந்திரத்தை முதலிலிருந்தே செய்வதாக இருந்தால் நான் கப்ளிங்கே போட்டிருக்கமாட்டேன். இரண்டு வி-பெல்ட்டுகள் போட்டிருப்பேன். பெல்ட் அடியை உள்வாங்கும், மட்டை சிக்கினால் வழுக்கும், ஒரு மில்லிமீட்டர் விலகலுக்கு ஹப்பைப் பிடுங்காது. இடமும் ஃபிரேமும் ஏற்கெனவே கட்டி முடிந்திருந்ததால் அது இங்கே முடியவில்லை. அடுத்த அறுவடைக்கு முன் மூடியைத் திறந்து நட்சத்திர ரப்பரின் கால்களை அளக்கவேண்டும். மழைக்காலத்தில் தரை இளகி ஃபிரேம் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் மையத்தையும் மறுபடி சேர்க்கவேண்டும்.